டெல்லியில் டிகிரி, அமெரிக்காவில் முதுநிலை: குஸ்திக்கு எத்தனை சீசன் மிஞ்சும்?

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இளநிலை வகுப்புக்கு முதல் நாள் போய் உட்கார்ந்தீர்களே, அன்றைக்கே அமெரிக்கக் கல்லூரிக் குஸ்தியில் நீங்கள் இறங்கக்கூடிய ஆண்டுகளின் கணக்கும் ஓடத் தொடங்கிவிட்டது. எம்.எஸ். படிக்க விமானம் ஏறும் நாளுக்காக அது காத்திருப்பதில்லை. ஆர்.கே.புரத்திலும் ஜனக்புரியிலும் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்துவிட்டு, சத்ரசால் ஸ்டேடியத்திலோ பக்கத்து அக்காடா என்னும் குஸ்திக் கூடத்திலோ பாயில் புரண்டு வளர்ந்த பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிக் குஸ்திக்கு ஆசைப்படும்போது முதலில் இடறும் இடம் இதுதான். சேர்க்கைக் கடிதம், உதவித்தொகை, விசா எல்லாம் கைக்கு வந்தபிறகு, "உங்களுக்கு சீசன் எதுவும் மிச்சமில்லை" என்ற பதில் வந்தால் அதைத் திருத்த வழியே கிடையாது. அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் நம் ஊர் விதி வேறு மாதிரி இருப்பதுதான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஐ.யு. நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் முக்கியமாகப் பார்ப்பது வயதை. கல்வியாண்டின் ஜூலை 1 அன்று 25 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. முழுநேர மாணவராக இருக்க வேண்டும். முழுநேர வேலையில் இருக்கக் கூடாது. எம்.ஏ.வோ எம்.பி.எட்.டோ சேர்ந்தால் வயது இருக்கும்வரை பல்கலைக்கழக அணிக்கு இறங்கலாம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவு, அதாவது அதன் மூன்று பிரிவுகளில் உச்சமானது, பார்ப்பது நீங்கள் எந்தத் தேதியில் கல்லூரியில் சேர்ந்தீர்கள் என்பதை. 22 வயதுப் பையனுக்கு வாய்ப்பு முடிந்திருக்கலாம். 24 வயதுப் பெண்ணுக்கு இரண்டு சீசன் மிஞ்சியிருக்கலாம். அக்காடா சீனியர் "உனக்கு இன்னும் வயசு இருக்கு" என்று சொன்னால், அது ஏ.ஐ.யு. கணக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாண்டுக் கடிகாரம்

என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் ஒரு மாணவர் ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் இறங்கலாம். இங்கே சொல்லும் கணக்கு 2025-26 விதிநூல்வரை உள்ள நிலவரம். விதிநூல் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 முதல் புதுப்பிக்கப்படும். நீங்கள் சேரும் ஆண்டின் பதிப்பைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும்.

ஐந்து ஆண்டு என்றால் நாட்காட்டி ஆண்டு. வழக்கமான பருவம் ஒன்றில் முழுநேர மாணவராகப் பதிவுசெய்து, அந்தப் பருவத்தின் முதல் வகுப்புக்குப் போனதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இதில் "கல்லூரி" என்பதற்கு என்.சி.ஏ.ஏ. கொடுக்கும் பொருளில் வெளிநாட்டு உயர்கல்வி நிறுவனங்களும் அடங்கும். அமெரிக்கக் கல்லூரியாக இருக்க வேண்டியதில்லை. அங்கே குஸ்தி அணி இருக்க வேண்டியதும் இல்லை. எது முழுநேரம் என்பதை அந்தந்தக் கல்லூரியின் வரையறைதான் முடிவுசெய்யும். ஆகவே கல்லூரியில் ரெகுலர் மாணவராகச் சேர்ந்த எவருக்கும் கடிகாரம் ஓடுகிறது, அவர் ஒரு நாள்கூடப் பாயில் இறங்காவிட்டாலும். தொலைநிலையில் படித்தவர்களுடைய நிலை மட்டும் தனியாகப் பரிசீலிக்க வேண்டியது. அவர்கள் தங்கள் படிப்பு முழுநேரமா, பகுதிநேரமா என்று பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை ஓடத் தொடங்கிய கடிகாரம் நீங்கள் படிப்பை நிறுத்தினாலும் நிற்காது. வேலைக்குப் போனாலும், யு.பி.எஸ்.சி.க்குத் தயார் செய்தாலும், வீட்டில் இருந்தாலும் ஓடும். ராணுவ சேவை, அங்கீகரிக்கப்பட்ட மதப்பணி போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அந்தக் காலத்தைக் கழிப்பார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே என்.சி.சி.யில் இருந்தது ராணுவ சேவை ஆகாது. பெண்களுக்குக் கர்ப்ப காலத்தை முன்னிட்டு ஓராண்டு நீட்டிப்பு உண்டு.

ஒருவர் 2023 ஆகஸ்ட்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கடிகாரம் 2028 ஆகஸ்ட்டில் முடியும். அவர் மூன்றாண்டோடு பட்டம் வாங்கி வெளியேறி, 2026 இலையுதிர் பருவத்தில் அமெரிக்காவில் முதுநிலை சேர்ந்தால் 2026-27, 2027-28 என்று இரண்டு சீசன் நேரம் இருக்கிறது. அதே மாணவர் புதிய பாடத்திட்டத்தின்படி நான்காம் ஆண்டும் இருந்து ஆனர்ஸ் முடித்தால் 2027-28 ஒன்றுதான். மூன்றாண்டு முடித்துவிட்டு ஓராண்டு வேலை பார்த்துவிட்டுப் போனாலும் அதே ஒன்றுதான். பி.டெக். படிப்பவர்களுக்கும் இதே நான்காண்டுக் கணக்கு. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப்படிப்பு முடித்தவருக்கு முதல் பிரிவில் நேரம் எதுவும் மிஞ்சாது.

இரண்டாவது கணக்கு: சீசன்

கடிகாரத்தில் நேரம் இருந்தால் மட்டும் போதாது, நான்கு சீசனில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

கல்லூரி அணிக்காக வெளி அணிக்கு எதிராக ஒரே ஒரு முறை பாயில் இறங்கினாலும், அரை நிமிடத்தில் சித்தாகி வெளியே வந்தாலும், அந்தக் கல்வியாண்டு ஒரு சீசனாகப் போய்விடும். ஏ.ஐ.யு. போட்டியில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு இறங்கியது இதில் சேரும். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடக்கும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கல்லூரி பனியன் போட்டு இறங்கியதும் எண்ணப்படும் என்று வைத்தே கணக்கிடுங்கள். வெறும் பயிற்சி மட்டும் எடுத்த ஆண்டு சீசனாக எண்ணப்படாது.

மேலே சொன்ன 2023 மாணவரையே பார்ப்போம். நான்காண்டு ஆனர்ஸ் படித்து, நான்கு ஆண்டும் கல்லூரிக்காக இறங்கியிருந்தால் கடிகாரத்தில் ஓராண்டு இருந்தும் சீசன் பூஜ்யம். மூன்றாண்டு படித்து மூன்றிலும் இறங்கியிருந்தால் நேரம் இரண்டு, சீசன் ஒன்று, எனவே ஒன்று. முதலாண்டில் தோள்பட்டை விலகி அந்த ஆண்டு முழுக்க இறங்காமல், மற்ற இரண்டு ஆண்டு மட்டும் இறங்கியிருந்தால் நேரமும் இரண்டு, சீசனும் இரண்டு. முதுநிலைக்கு அமெரிக்கா போக வேண்டும் என்று இப்போதே முடிவு செய்துவிட்ட முதலாண்டு மாணவர் யாராவது இதைப் படித்தால், எந்த ஆண்டு கல்லூரி அணிக்கு இறங்குவது, எந்த ஆண்டு பயிற்சியோடு நிற்பது என்று பயிற்சியாளருடன் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரம் இதுதான்.

பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் நடுவில் இடைவெளி விட்டவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. பள்ளி முடித்த பிறகு ஓராண்டு சலுகைக் காலம். அதற்கு அப்புறமும் கல்லூரியில் சேராமல் மாநில, தேசியப் போட்டிகளில் இறங்கிக்கொண்டிருந்தால், அப்படி இறங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சீசன் கழியும். அதனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தேதி, கல்லூரியில் சேர்ந்த தேதி, நடுவில் இறங்கிய போட்டிகள் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

அமெரிக்கக் குஸ்தியைப் பின்தொடர்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கார்ட்டர் ஸ்டாரோச்சி 2021 முதல் 2025 வரை ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றாரே, அது எப்படி? கோவிட் காரணமாக 2020-21 சீசனை யாருக்கும் எண்ணவில்லை. கூடுதலாக ஓராண்டும் கொடுத்தார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற கேபிள் ஸ்டீவ்சன் 2024-25இல் மினசோட்டாவுக்குத் திரும்ப வந்ததும் அந்தச் சலுகையால்தான். அதற்குப் பிறகு கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்களைக் காட்டி உங்களுக்கும் ஆறாம் ஆண்டு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காயத்துக்கு உண்மையான சலுகை ஒன்று உண்டு, ஆனால் அது குறுகியது. சீசனின் முதல் பாதிக்குள் காயம் பட்டு, அதற்குள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறங்காமல், அதன்பின் அந்த சீசன் முழுவதும் இறங்க முடியாமல் போயிருந்தால் சீசனைத் திருப்பிக் கேட்கலாம். அது சீசனைத்தான் திருப்பித் தரும், கடிகாரத்தை நீட்டாது. ஐந்தாண்டை நீட்டிக்க வேண்டுமானால், உங்கள் கையை மீறிய காரணத்தால் ஒன்றல்ல, இரண்டு ஆண்டு வாய்ப்பு போயிருக்க வேண்டும். இரண்டுக்குமே காயம் பட்ட காலத்தில் எழுதப்பட்ட மருத்துவ ஆவணம் தேவை. எம்.ஆர்.ஐ. அறிக்கை, ஓ.பி. சீட்டு, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். இரண்டு வருடம் கழித்து மருத்துவரிடம் கேட்டு வாங்கும் கடிதத்துக்கு மதிப்பு குறைவு.

முதுநிலை மாணவராக இறங்க என்ன வேண்டும்

நேரமும் சீசனும் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி படிப்பு. இளநிலைப் பட்டம் முடிந்திருக்க வேண்டும், முன்பு படித்த இடத்தில் படிப்பில் நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும், புதிய பல்கலைக்கழகத்தில் முதுநிலையிலோ இரண்டாம் பட்டத்திலோ முழுநேரமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு வருவதால் ஓராண்டு உட்கார வேண்டிய கட்டாயம் இன்று இல்லை. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பது ஏற்கெனவே என்.சி.ஏ.ஏ. கல்லூரியில் இருப்பவர்களுக்கு, டெல்லியிலிருந்து நேரே போகும் உங்களுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் இளநிலை முடித்துவிட்டு முதுநிலைக்கு வேறு பல்கலைக்கழகம் மாறும் மாணவருக்குத்தான் போர்ட்டலும் அதன் கால வரம்பும்.

சேர்ந்த பிறகு ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஆறு கிரெடிட் தேறியிருந்தால்தான் அடுத்த பருவத்தில் இறங்க முடியும். முழுநேரம் என்பது பல முதுநிலைப் பள்ளிகளில் ஒன்பது கிரெடிட், அதாவது மூன்று பாடம். அதில் ஒன்றை நடுவில் கைவிட்டால் முழுநேரத்துக்குக் கீழே போய்விடுவீர்கள். அந்த வாரமே போட்டியும் போகும், விசாவும் சிக்கலாகும்.

குஸ்தி சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் நடுவில் தேசியப் போட்டியோடு முடியும். இரண்டு பருவத்தையும் அது தொட்டுக்கொண்டு போகிறது. டிசம்பரில் முடியும் முதுநிலையை எடுத்தால், ஜனவரியில் நீங்கள் மாணவரே இல்லை. மண்டலப் போட்டியும் தேசியப் போட்டியும் போய்விடும். ஒரு சீசன் மட்டும் மிச்சமுள்ளவர்கள் ஆகஸ்ட்டில் தொடங்கி மே மாதம் முடியும் படிப்பாகத் தேட வேண்டும், அல்லது இரண்டாண்டுப் படிப்பில் முதலாண்டை அதற்கு ஒதுக்க வேண்டும். ஓராண்டில் 30 கிரெடிட் முடிக்கும் படிப்பு கவர்ச்சியாகத் தெரியும். பருவத்துக்கு 15 கிரெடிட், வாரம் 20 மணி நேரம் குஸ்தி, வாரக் கடைசியில் பயணம் என்று சேர்ந்தால் ஆளை முறித்துவிடும். இரண்டாண்டுப் படிப்பே நல்லது என்பது எங்கள் திடமான கருத்து. கடைசிப் பருவத்தில் பட்டத்துக்குத் தேவையான பாடம் ஒன்றோ இரண்டோதான் பாக்கி என்றால், முழுநேரத்துக்குக் குறைவாக எடுத்தும் இறங்க என்.சி.ஏ.ஏ. விதி இடம் கொடுக்கிறது. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் அதற்குச் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கியாக வேண்டும்.

ஐவி லீக் பல்கலைக்கழகங்களை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கார்னெல், பிரின்ஸ்டன், பென்சில்வேனியா, கொலம்பியா, ஹார்வர்டு, பிரவுன் ஆகியவற்றில் குஸ்தி அணி இருக்கிறது. ஆனால் முதுநிலை மாணவர்களைப் போட்டியில் இறக்குவதில்லை என்பது அந்த லீக்கின் சொந்த விதி. படிப்புக்காக அங்கே போகலாம், குஸ்திக்காகப் போக முடியாது.

மூன்றாண்டுப் பட்டத்தின் சங்கடம்

மூன்றாண்டில் வெளியே வந்தால் கடிகாரத்தில் இரண்டு ஆண்டு கிடைக்கிறது என்று பார்த்தோம். ஆனால் பல அமெரிக்க முதுநிலைப் பள்ளிகள் பதினாறு ஆண்டுக் கல்வியை, அதாவது பள்ளி 12, கல்லூரி 4 என்று கேட்கின்றன. நான்காம் ஆண்டு படித்தால் சேர்க்கை எளிது, சீசன் குறையும். மூன்றோடு நிறுத்தினால் சீசன் மிஞ்சும், சேர்க்கை கடினம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தேர்வு அவர்கள் கையிலேயே இருக்கிறது, அதனால் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

வழி இருக்கிறது. மூன்றாண்டு இந்தியப் பட்டத்தை ஏற்கும் முதுநிலைப் படிப்புகள் உள்ளன. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை ஏற்கும், இன்னொரு துறை ஏற்காது. குஸ்தி அணி உள்ள பல்கலைக்கழகங்களை முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் உங்கள் துறையின் முதுநிலைச் சேர்க்கைப் பக்கத்தில் "மூன்றாண்டுப் பட்டம்" பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பட்டம் சமமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகம். பயிற்சியாளர் சொல்லும் வார்த்தையை நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

முதுநிலை கிடைக்காமல், இளநிலை மாணவராக இடம் மாறிச் சேரலாமே என்று சிலர் சொல்வார்கள். அது இன்னும் கடினம். அப்போது நீங்கள் சேரும் பட்டத்தில் நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் 60 சதவீதமும் ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் 80 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். டெல்லியில் படித்த பாடங்களை அந்தப் பட்டத்துக்குள் அவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டால்தான் இது நடக்கும்.

முதல் பிரிவு மட்டும்தானா?

இல்லை. நேரம் தாண்டியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. என்.சி.ஏ.ஏ.வின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளிலும், என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பிலும் நாட்காட்டி ஆண்டை எண்ணுவதில்லை. முழுநேரமாகப் படித்த பருவங்களை எண்ணுகிறார்கள். பத்து பருவம் வரம்பு. மூன்றாண்டு பட்டத்தில் ஆறு பருவம் போயிருக்கும், நான்கு மிஞ்சும். நான்காண்டில் எட்டு போயிருக்கும், இரண்டு மிஞ்சும். நடுவில் இரண்டு வருடம் வேலைக்குப் போயிருந்தாலும் அந்தக் காலம் பருவக் கணக்கில் கழியாது. நான்கு சீசன் வரம்பு இங்கேயும் உண்டு. வேலைக்குப் போன காலத்தில் போட்டிகளில் இறங்கியிருந்தால் அதைத் தனியே பார்ப்பார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, கல்விக்கான உதவி மட்டும்தான். என்.ஏ.ஐ.ஏ.வில் கிராண்ட் வியூ, லைஃப் யுனிவர்சிட்டி போன்ற பலமான குஸ்திக் கல்லூரிகள் உள்ளன. ஆனால் சிறிய கல்லூரிகளில் முதுநிலைப் படிப்புகள் குறைவு. உங்கள் துறை அங்கே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பெண்களுக்கு இப்போது கதவு அகலமாகிறது. பெண்கள் குஸ்தியை என்.சி.ஏ.ஏ. 2025 ஜனவரியில் தேசியப் போட்டி நடத்தும் விளையாட்டாக அங்கீகரித்தது. முதல் போட்டி 2026இல். அணிகள் புதிதாக உருவாகும் காலம் என்பதால், ஒரு சீசன் மட்டும் உள்ள அனுபவசாலிக்கும் பயிற்சியாளர்கள் இடம் கொடுக்க யோசிப்பார்கள். பெண்கள் பிரிவில் ஒலிம்பிக்கில் உள்ள ஃப்ரீஸ்டைல் விதிதான், நம் ஊரில் பழகியதே போதும்.

ஆண்களுக்கு நிலைமை இறுகியிருக்கிறது. என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகக் கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசம் 2025 ஜூனில் ஏற்கப்பட்டபின், அதில் சேர்ந்த முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் குஸ்தி அணிக்கு 30 பேர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முன்பு 40 பேர் இருந்த அணியில் சும்மா சேர்ந்துகொள்ளலாம் என்ற வழி அங்கே இல்லை. உங்கள் எடையில் ஆள் தேவைப்படும் அணியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பரிசுப் பணமும் வேலையும்

டங்கல் என்ற ஊர்க் குஸ்திப் போட்டியில் வாங்கிய ரொக்கம், மாநில அரசின் ஊக்கத்தொகை, புரோ ரெஸ்லிங் லீக் ஒப்பந்தம், ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை: இந்த நான்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டிக்குப் போய்வர ஆன செலவுக்கு உட்பட்ட பரிசுப் பணத்தால் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் வாங்கியது, குஸ்திக்காகவே சம்பளம் வாங்கியது, தொழில்முறை ஒப்பந்தம், ஏஜென்டுடன் ஒப்பந்தம் ஆகியவை தகுதியைப் பாதிக்கலாம். ஒரு நாட்டின் ஒலிம்பிக் அமைப்பு பதக்கத்துக்காகக் கொடுக்கும் தொகைக்குத் தனிச் சலுகை உண்டு. மாநில அரசின் தொகை அதற்குள் வருமா என்பதைப் பல்கலைக்கழகம் பார்த்துச் சொல்லட்டும். செலவுக்கான ரசீதுகளை வைத்திருங்கள்: ரயில் டிக்கெட், தங்கும் இடம், நுழைவுக் கட்டணம். பரிசுத் தொகை 20,000 ரூபாய் என்று செய்தித்தாளில் வந்திருக்கும். செலவு எவ்வளவு என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

அங்கே போனபின் இன்னொரு வலை. அமெரிக்க மாணவர்கள் தங்கள் பெயர், படத்துக்கு விளம்பரப் பணம் வாங்குகிறார்கள், பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கும் வழியும் வந்துவிட்டது. என்.சி.ஏ.ஏ. அனுமதித்தாலும் எஃப்-1 விசா வேலைக் கட்டுப்பாடு தனியாக நிற்கிறது. சக வீரர் வாங்குகிறார் என்று நீங்களும் கையெழுத்துப் போட்டால் விசாவே ஆபத்தில் விழும். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தொடாதீர்கள். துறை தரும் டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை, படிப்புக்காகத் தரப்பட்டதாக இருந்தால், நல்ல வழி. கல்விக் கட்டணமும் குறையும். பருவ காலத்தில் வளாக வேலை வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. குஸ்திப் பயிற்சிக்கும் சீசனில் வாரம் 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரம் ஒரு நாள் கட்டாய விடுப்பு என்று வரம்பு. இரண்டையும் சேர்த்தால் 40 மணி நேரம், அதன் மேல் மூன்று பாடம். பத்து மணி நேர வேலையாகக் கேட்டு வாங்குவது நல்லது.

டெல்லியிலேயே சேகரிக்க வேண்டியவை

கல்லூரியில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பட்டம் முடிந்து ஆறு மாதம் கழித்துப் போனால் அலுவலகத்தில் ஆளும் மாறியிருப்பார், பதிவேடும் கிடைக்காது. கல்லூரியிலிருந்து ஒரு போனஃபைடு சான்றிதழ்: அதில் முதலில் சேர்ந்த தேதி, வகுப்பு தொடங்கிய தேதி, ரெகுலர் முழுநேர மாணவர் என்ற சொல், கடைசித் தேதி நான்கும் இருக்க வேண்டும். கல்லூரிகள் பொதுவாகக் கொடுக்கும் அச்சடித்த சான்றிதழில் சேர்ந்த ஆண்டு மட்டும் இருக்கும், அது போதாது. தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பருவவாரி மதிப்பெண் பட்டியல் எல்லாம், டிரான்ஸ்கிரிப்ட், பட்டச் சான்றிதழ் வரத் தாமதமானால் தற்காலிகச் சான்றிதழ். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள். பெயரும் முதலெழுத்தும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் தனித் தொல்லை: பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக. இரண்டும் ஒரே ஆள் என்று காட்டும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தயாராக இருக்கட்டும்.

குஸ்திக்குத் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். தேதி, போட்டியின் பெயர், இடம், யாருக்காக இறங்கினீர்கள், எடை, ஸ்டைல், எத்தனை பிடி, பரிசு என்ன. கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ இறங்கியவற்றைப் பல்கலைக்கழக விளையாட்டுக் கவுன்சிலிலிருந்து சான்றாக வாங்கலாம். இறங்காத ஆண்டுக்கும் "இந்த ஆண்டு எந்தப் போட்டியிலும் பல்கலைக்கழகத்துக்கு இறங்கவில்லை" என்று உடற்கல்வி ஆசிரியரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். பலர் இதைத்தான் மறக்கிறார்கள், ஒரு சீசனைக் காப்பாற்றுவது இந்த ஒரு தாளாகவும் இருக்கலாம்.

சேர்க்கை, விசா பற்றிய பொதுவான வழிகாட்டுதலுக்கு ஹெய்லி ரோட்டில் ஃபுல்பிரைட் ஹவுஸில் உள்ள எஜுகேஷன் யு.எஸ்.ஏ. மையம் உதவும். என்.சி.ஏ.ஏ. தகுதி அவர்கள் வேலை அல்ல. அதற்கு நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகம்தான்.

கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுதும் கடிதம்

ஆகஸ்ட்டில் சேர வேண்டுமானால் முந்தைய ஆண்டு ஜூன், ஜூலையிலேயே பயிற்சியாளருக்கு வீடியோவும் எடையும் அனுப்புங்கள். அவர் ஆர்வம் காட்டிய உடனே, முதுநிலை விண்ணப்பத்துக்கு முன்பு, கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். அதில் ஐந்து விஷயம் போதும்: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தேதி, கல்லூரியில் முழுநேரமாக முதல் வகுப்புக்குப் போன தேதி, ஆண்டுவாரியாகக் கல்லூரி அணிக்கு இறங்கியதா இல்லையா, வாங்கிய பணம், பட்டம் மூன்றாண்டா நான்காண்டா, எந்த மாதம் முடியும். கடைசியில் நேராகக் கேளுங்கள்: "என் ஐந்தாண்டு எந்தத் தேதியில் முடிகிறது, எனக்கு எத்தனை சீசன் மிச்சம், எந்த எந்த ஆண்டில்?" பதில் எழுத்தில் வேண்டும். தொலைபேசியில் "பிரச்சினை இருக்காது" என்றால், அதையே மின்னஞ்சலில் உறுதிப்படுத்தக் கேளுங்கள். அது பூர்வாங்க மதிப்பீடு என்றுதான் சொல்வார்கள், ஆனால் சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதம் அதுதான். அதன்பின் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்து அமெச்சூர் நிலைச் சான்று பெற வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வந்தபிறகு செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம், டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பம், சாணக்கியபுரி அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். அங்கே கேட்டால் படிக்கத்தான் போகிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள், குஸ்தி அதற்குப் பிறகு, உண்மையும் அதுதானே.

"இந்திய ஆண்டுகளைச் சொல்ல வேண்டாம், அவர்களுக்குத் தெரியாது" என்று சொல்லும் இடைத்தரகரிடமிருந்து விலகிவிடுங்கள். உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் சேர்ந்த ஆண்டு இருக்கிறது, போட்டி முடிவுகள் இணையத்தில் இருக்கின்றன. பின்னால் தெரியவந்தால் நீங்கள் வென்ற பிடிகள் ரத்தாவதோடு, அணியும் தண்டனை அனுபவிக்கும்.

எடை

பயிற்சியாளருக்கு எழுதும்போது கிலோவில் மட்டும் எழுதினால் அவர் குழம்புவார். ஆண்கள் பிரிவுகள் பவுண்டில் 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285. நம் 57 கிலோ வீரருக்கு 125, அதாவது 56.7 கிலோ. 65 கிலோ வீரர் 141க்கு (64 கிலோ) ஒரு கிலோ இறங்க வேண்டும், 74 கிலோவுக்கு 165 (74.8 கிலோ) சரியாகப் பொருந்தும். 86 கிலோ வீரர்தான் நடுவில் மாட்டுவார்: 184 என்றால் 83.5 கிலோ, 197 என்றால் 89.4 கிலோ. பெண்களில் 53 கிலோவுக்கு 117 பவுண்டு, 53.1 கிலோ.

போட்டிக்கு முந்தின இரவு வியர்வை சூட்டில் நாலு கிலோ இறக்கும் பழக்கம் அங்கே செல்லாது. சீசனுக்கு முன் சிறுநீர் அடர்த்தி 1.020க்கு மிகாமல் இருக்கும்போது கொழுப்பளவைக் கணக்கிட்டு, ஆண்களுக்கு 5 சதவீதக் கொழுப்புக்குக் கீழே போகாதபடி குறைந்தபட்ச எடையைச் சான்றளிப்பார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் இறக்க முடியாது. இரு அணிகள் மோதும் போட்டியில் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் எடை பார்ப்பார்கள், உடம்பு தேற நேரமே இருக்காது. ஆகவே டெல்லியிலிருந்து கிளம்பும்போதே உங்கள் எடை, இறங்கப்போகும் பிரிவுக்கு இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும்.

ஆண்கள் இறங்குவது அமெரிக்காவுக்கே உரிய ஃபோக்ஸ்டைல் குஸ்தி. முதல் சுற்று மூன்று நிமிடம், அடுத்த இரண்டும் இரண்டு நிமிடம். எதிராளியைக் கீழே தள்ளிக் கட்டுப்படுத்தினால் மூன்று புள்ளி, கீழிருந்து தப்பினால் ஒன்று, மேலே ஒரு நிமிடம் கூடுதலாக அடக்கி வைத்தால் இன்னொன்று. ஃப்ரீஸ்டைல் வீரர் கீழே போனால் வயிறு பதியப் படுத்து நேரம் போக்குவார். இங்கே அப்படிப் படுத்தால் நடுவர் எழுப்பிவிட மாட்டார், மேலே இருப்பவருக்கு நேரம் ஏறிக்கொண்டே போகும். அடியிலிருந்து எழுந்து கையை அறுத்துக்கொண்டு தப்பும் பயிற்சியைத் தினமும் இருபது நிமிடமாவது, கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே செய்யுங்கள். ஒரே ஒரு சீசன் கையில் வைத்திருப்பவருக்கு அதை அங்கே போய்ப் பழக நேரம் இருக்காது.